பிசிறில்லாத துளை

வாசலில் ராஜாமணி உங்களை நிறுத்திப் பேசியதை நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். செருப்பைக் கழற்றிய பிறகும் நீங்கள் படியேறாமல் நின்றீர்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரி, இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அவளைக் கடந்துதான் வர வேண்டும். நீங்கள் பெண்ணின் அத்தை. பெண் கொடுக்கப் போகிற இடத்தைப் பார்த்துவரச் சொல்லி உங்களை அனுப்பியிருக்கிறார்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆகையால் நானே சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலிருந்து, ஒன்றும் விடாமல் சொல்கிறேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். காப்பி ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நான் இப்படித்தான் பேசுவேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி நடத்தி வாய் பழகிவிட்டது. "வூட்லயுமாம்மா?" என்று என் மகன் லோகநாதன் சிரிப்பான். இப்போது சிரிப்பதில்லை. சுகந்தி முதலில் மிரண்டாள். பிறகு என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரிக்கத் தொடங்கினாள். "அத்தை, சோறு ஆயத்தமாகிவிட்டது" என்பாள். சுகந்திதான் என் மருமகள். போன ஆடியில் போய்விட்டவள்.

எப்படிப் போனாள் என்பதில் மறைக்க ஒன்றும் இல்லை. பின்கட்டில் இருக்கிற துளை போடும் மெஷினில் சிக்கிப் போனாள். மெஷின் அங்கேயேதான் இருக்கிறது, காட்டுகிறேன். ஆனால், "முறை தெரியாத பொண்ண டீச்சரு மிசினுகிட்ட நிறுத்திக் கொன்னுபோட்டாங்க" என்று தெருவில் பேசுகிறார்களே, அது பொய். முறை தெரியாமல் இந்த வீட்டில் எதுவும் நடந்ததில்லை.

என் வீட்டுக்காரர் கணபதி என்கிற பகுதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தார். அவர் காலமான பிறகு வாடகைக் கட்டடத்தைக் காலி செய்தோம். மற்ற மெஷின்களையெல்லாம் கொடுத்துவிட்டோம். இந்த ஒன்றை மட்டும் நான் விடவில்லை. ஆள் உயர இரும்புத் தூண், அதன் தலையில் மோட்டார், கீழே துளையிடும் பிட்டைக் கவ்விக்கொண்டு சுழல்கிற சக்கு, அதற்கும் கீழே தகட்டை வைக்கிற மேடை. பம்பு செய்கிறவர்கள் மோட்டார் அடியில் போடுகிற இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்து போடுவார்கள். துளை போட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வீட்டை விட்டு இறங்க வேண்டாத வேலை. ஒரு குடும்பப் பெண்ணுக்கு இதைவிடப் பாதுகாப்பான வேலை எது, சொல்லுங்கள்.

சுகந்திக்கு நான்தான் கற்றுக் கொடுத்தேன். நான் ஓட்டுவதில்லை, கை நடுங்கும், நடுங்குகிற கை பிட்டை ஒடித்துவிடும். ஆனால் அவர் பக்கத்தில் நின்று எத்தனையோ காலம் பார்த்தவள். முதலில் தகட்டில் கோடு கிழித்து, இரண்டு கோடுகள் வெட்டுகிற இடத்தில் பஞ்ச் என்கிற கூரான இரும்பு ஆணியை வைத்துச் சுத்தியால் ஒரே தட்டு. அந்தக் குழி இல்லாவிட்டால் பிட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். தகட்டைக் கையால் பிடிக்கவே கூடாது. பிட்டு கவ்விவிட்டால் தகடு காற்றாடி மாதிரி சுற்றும், விரல் இருக்காது. கீழே மரத்துண்டு வைத்து, இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். முதலில் சிறிய பிட்டு, பிறகு பெரியது. பெரிய பிட்டுக்கு வேகம் குறைவாக வைக்க வேண்டும். எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கண்ணாடி போடாமல் நெருங்கக் கூடாது. கையுறை போடவே கூடாது. எல்லாரும் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள், கையுறைதான் முதலில் சிக்கும். மெஷின் நின்ற பிறகுதான் சீவி விழுந்த இரும்புச் சுருளைத் தள்ள வேண்டும், அதுவும் பிரஷ்ஷால். எல்லாவற்றுக்கும் மேலாக, பிட்டு மறுபக்கம் வெளியே வருகிற நேரம். அப்போது குனிந்து, துளையின் வாயையே பார்த்துக்கொண்டு, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் அடியில் பிசிறு அடிக்கும். பிசிறு அடித்த தகட்டை நான் வெளியே அனுப்ப மாட்டேன்.

இவ்வளவையும் அவள் கற்றாள். திருப்பிச் சொல்லச் சொல்வேன், சொல்வாள். ஒன்றை விட்டால் மறுபடியும் முதலிலிருந்து. ராஜாமணி மதில் மேலிருந்து எட்டிப் பார்ப்பாள். "டீச்சரு, மருமவளுக்கு மிசினு, உங்களுக்குப் பெரம்புங்களா?" என்பாள். சுகந்தி கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு சிரிப்பாள். "ஏனுங்கத்தை, எனக்குத் தாலி கட்டுனது உங்க பையனுங்களா, இந்த மிசினுங்களா? நாளெல்லாம் இதுக்குத்தான் தலையக் குனிஞ்சுட்டு நிக்கறனுங்க" என்று ஒருநாள் கேட்டாள். வேலை நேரத்தில் விளையாட்டு வேண்டாம் என்றேன். நல்ல பெண். கொஞ்சம் வாய்.

தாலி என்றவுடன் நிமிர்கிறீர்களே. ராஜாமணி அதைத்தான் சொல்லியிருப்பாள். அதையும் சொல்கிறேன்.

வேலை தொடங்கிய அன்றே உடம்பில் இருப்பதையெல்லாம் பார்த்து ஒழுங்குபடுத்தினேன். வளையல் வேண்டாம், மோதிரம் வேண்டாம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள், கொண்டையை இறுகப் போடு. கழுத்தில் தங்கத்தில் தாலிக்கொடி போட்டிருந்தாள். இரும்புத்தூள் பறக்கிற இடத்தில் தங்கம் தேயும். கொடியின் கண்ணிகளில் சுருள் போய் மாட்டும். ஆகவே கொடியைப் பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோக்க ஏற்பாடு செய்தேன். நான் தொடக்கூடாது அல்லவா, ராஜாமணியைக் கூப்பிட்டுக் கோக்கச் சொன்னேன். கயிறு வெறும் நூல். மெத்தென்றிருக்கும். யோசித்துத்தான் செய்தேன்.

சில நாள் கழித்து வந்து கேட்டாள். "அத்தை, ஓட்டற நேரத்துக்கு மட்டும் இதக் கழட்டிச் சாமி படத்துகிட்ட வெச்சுக்கட்டுங்களா? குனியறப்ப வெளிய வந்து ஆடுதுங்க."

"அதைக் கழற்றுகிற நாள் எந்த நாள் என்று உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியுமுங்க."

"சொல், பார்க்கலாம்."

கயிற்றை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"அப்படியானால் இன்னொரு முறை கேட்காதே. ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு ஓட்டு."

அதட்டிச் சொல்லவில்லை. உங்களிடம் இப்போது சொல்கிற குரலில்தான் சொன்னேன். அவள் புருஷன், என் பிள்ளை, உயிரோடு இருக்கிறான். வேலைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் மாட்டிக்கொள்ள அது கைக்கடிகாரமா? என் வீட்டுக்காரர் இந்த விஷயத்தில் என்னைவிடக் கண்டிப்பானவர். பட்டறையில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால், மலைக்குப் போய்த் திரும்புகிற வரைக்கும் அவனை இந்த மெஷின் பக்கமே விடமாட்டார். "மாலையக் கழட்ட முடியாதுன்னா மிசினத் தொடாத சாமி, போயி மூட்டை கட்டற வேலையப் பாரு" என்பார். அவருக்கு அவ்வளவு பக்தி. மாலையின் மேல் எண்ணெய்க்கறை படுவதைக்கூடப் பொறுக்க மாட்டார். புனிதமானதை மதிக்கிற வழக்கத்தை நான் அவரிடமிருந்துதான் கற்றேன்.

சுகந்தி அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் ஒன்று செய்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் கயிற்றை ஓர் ஊக்கால் ஜாக்கெட்டின் உள்பக்கம் குத்தி வைத்திருக்கிறாள். முந்தானைக்கு அடியில் இருந்ததால் என் கண்ணில் படவில்லை. ஆனியெல்லாம் அப்படியே ஓட்டியிருக்கிறாள்.

அவள் ஊக்கு மாட்டத் தொடங்குவதற்கு முன்னால் இருக்க வேண்டும், ஒரு பேச்சு நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் ராஜாமணி சொல்வதுதான் நிற்கும். நிறையத் தகடுகள் வந்து குவிந்திருந்தன. நான் ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். நாலைந்தில் பிசிறு. கேட்டதற்கு, "கயிறு வந்து விழுகுதோன்னு ஒரு கண்ணு அங்க போயிருதுங்கத்தை" என்றாள். ஒரு காரணம் கிடைத்தால் அதையே பிடித்துக்கொள்வதா என்றேன். மதிலோரம் ராஜாமணி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால், "அப்பறம் நீங்களே ஓட்டிப் பாருங்களேனுங்கத்தை. உங்களுக்குக் கழுத்துல ஆடறதுக்கு ஒண்ணுமில்லீங்களே" என்றாள்.

ராஜாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். சுகந்திக்கும் முகம் வெளுத்துப்போயிற்று. "அய்யோ, நான் மிசினுக்காகச் சொன்னனுங்க" என்று காலில் விழுந்தாள். எழுந்திரு என்றேன். அவ்வளவுதான். திட்டவில்லை. ஆடிப் பெருக்கு வரைக்கும் அவளோடு பேசவும் இல்லை. தாலி இல்லாத கழுத்தை அவள் எனக்குச் சுட்டிக் காட்டினாள். தாலி உள்ள கழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று நான் அவளுக்குக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தேன். அதில் கோபம் இல்லை. கடமை.

ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும். உங்கள் பக்கத்திலும் உண்டுதானே. பழைய கயிறு எண்ணெயிலும் வியர்வையிலும் நைந்து, நூல் பிரிந்து, தொட்டாலே அறுந்துவிடும் போல இருந்தது. பேரூர்க் கோயில் வீதியில் நானே போய் நல்லதாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரன் முதலில் மெல்லியதாக எடுத்துக் காட்டினான். "இது வேண்டாம், இருப்பதிலேயே தடித்ததாக, முறுக்கு விடாததாகக் கொடு" என்றேன். நீளமாகவும் கேட்டேன். தாலி நெஞ்சுக்குக் கீழே தொங்க வேண்டும், அதுதான் லட்சணம். மஞ்சளை நானே அரைத்து, அதில் ஊறப் போட்டு, நிழலில் உலர்த்தினேன். ராஜாமணியைத்தான் கட்டக் கூப்பிட்டேன். இன்று வாசலில் நின்று ஊருக்கெல்லாம் சொல்கிறாளே, முடிச்சுப் போட்டது அவள் கை.

பழைய கயிற்றைக் கழற்றும்போது அவள்தான் பார்த்தாள். "ஏனம்மிணி, இதென்ன ஊக்கு?"

"குனியறப்ப ஆடாம இருக்கட்டுமுன்னுங்கக்கா" என்றாள் சுகந்தி.

எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. தாலியில் இரும்பா? எடுக்கச் சொன்னேன். "இருந்துட்டுப் போவுதுங்க டீச்சரு, எங்க வூட்ல எல்லாருந்தான் மாட்டிருக்கறோம்" என்று ராஜாமணி தன் கயிற்றையே இழுத்துக் காட்டினாள். கொத்துக் கொத்தாக ஊக்கு! உங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், என் வீட்டில் கூடாது என்றேன். கையை நீட்டினேன். சுகந்தி ஊக்கை என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அத்தை, பேசிட்டீங்களே" என்று சிரித்தாள். அத்தனை நாளும் நான் பேசாமல் இருந்ததுதான் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது, பாவம். அப்படிப்பட்ட பெண்.

அந்த ஆடி முடிவதற்குள்ளேதான் நடந்தது.

நான் சமையலறையில் வாழைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். பின்கட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. எந்தப் பிட்டு, எந்தத் தகடு என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன். திடீரென்று மோட்டார் முனகியது. பாரம் ஏறினால் அப்படித்தான் முனகும். "சுகந்தி, அழுத்தாதே! பிட்டு தானாக இறங்கட்டும்!" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. முனகல் நிற்கவில்லை. "அழுத்தாதே என்றேனே!" என்று மறுபடியும் சொன்னேன். சொன்னால் உடனே "சரிங்கத்தை" என்கிற பெண். வீம்பு என்று நினைத்தேன். கையில் இருந்த காயை அரிந்து தண்ணீரில் போட்டுவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் விட்டால் கறுத்துவிடும்.

அங்கே போனதும் முதலில் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைத்தேன். மின்சாரத்தை நிறுத்தாமல் மெஷினில் கை வைக்கக்கூடாது. நான் பதறவில்லை. சக்கில் கயிறு சுற்றியிருந்தது. அவள் முகம் அதன் மேல் சாய்ந்திருந்தது, கண்ணாடியோடு. அரிவாள்மணையைக் கொண்டுவந்துதான் கயிற்றை அறுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கம். ஒரு புரிகூட விட்டிருக்கவில்லை.

தகட்டையும் பார்த்தேன். பார்க்காமல் எப்படி இருக்க முடியும், கண்ணெதிரே இருக்கிறது. கிளாம்பு சரியாகப் போட்டிருந்தாள். மரத்துண்டு வைத்திருந்தாள். எண்ணெய் விட்டிருந்தாள். பிட்டு மறுபக்கம் வெளியே வந்திருந்தது. குனிந்து பார்க்கிற நேரம், குனிந்திருக்கிறாள். துளை முடிந்திருந்தது. விரலால் தடவினேன். ஒரு பிசிறு இல்லை. நான் சொன்ன ஒவ்வொன்றையும் அவள் செய்திருந்தாள். இதைத்தான் விசாரிக்க வந்தவர்களிடமும் சொன்னேன். விபத்து என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

பிணத்தை அறுத்துப் பார்த்த டாக்டர் கயிறு என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சக்கில் முடியும் இருந்தது, ஒரு கற்றை. கொண்டையிலிருந்து நழுவிய முடிதான் முதலில் போயிருக்க வேண்டும், கயிறு அதைத் தொடர்ந்து போயிருக்கும். எது முதலில் போயிற்று என்பதை அந்த இடத்தில் இல்லாதவர் எப்படிச் சொல்ல முடியும்? கொண்டையை இறுகப் போடு என்று நான் சொல்லாத நாளில்லை. ஒரே ஒரு நாள் தளர்வாகப் போட்டிருக்கிறாள். அதுதான் நடந்தது. தாலியின் மேல் பழி போடுகிறார்களே, கேட்கவே காது கூசுகிறது. தாலி யாரையாவது கொல்லுமா?

லோகநாதனும் முதலில் தடுமாறினான். காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு என் எதிரில் வந்து நின்றான். "அம்மா, ஓட்டறப்பக் கழட்டி வெச்சுக்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"நீ உயிரோடு இருக்கும்போதா?" என்றேன்.

"ஆமாங்கம்மா. நான் உசுரோடதான் இருக்கறேன்" என்றான். பிள்ளைக்கு அந்த நேரத்திலும் என்னைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, பாருங்கள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை. பொதுவாகவே அவன் பேசுவது குறைந்துவிட்டது. சாப்பாடு கம்பெனியிலேயே முடித்துக்கொள்கிறான். ஒருநாள் மெஷினுக்குப் போகிற மின்கம்பியை வெட்டி எறிந்துவிட்டான். துக்கம், என்ன செய்வது. நான் ஆளைக் கூப்பிட்டுக் கம்பியைத் திரும்ப இணைத்துவிட்டேன். சும்மா நின்றால் மெஷின் துருப்பிடிக்கும். இந்தச் சம்பந்தத்தைப் பற்றிச் சொன்னபோது அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அவன் சம்மதம் எப்போதும் அப்படித்தான்.

என்ன கேட்டீர்கள்? உங்கள் ஹேமலதாவும் ஓட்ட வேண்டுமா என்றா? வந்தவுடனேயா ஓட்டச் சொல்லப் போகிறேன். ஒரு மாதம் போகட்டும். நானே பக்கத்தில் நின்று கற்றுக் கொடுப்பேன். புகைப்படத்தில் பார்த்தேன், விரல்கள் நீளமாக, நிதானமாக இருக்கின்றன. முடியும் நீளம். அதனால்தான் இதை வாங்கி வைத்தேன், பாருங்கள். வலைத்தொப்பி. கொண்டையின் மேல் போட்டால் ஒரு மயிர்கூட வெளியே வராது. நடந்ததிலிருந்து கற்றுக்கொள்ளாதவள் அல்ல நான். எதை மாற்ற வேண்டுமோ அதை மாற்றிவிட்டேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? காப்பி அப்படியே இருக்கிறதே. மெஷினைப் பார்க்க வேண்டாமா? பயப்படாதீர்கள், பிளக்கைப் பிடுங்கித்தான் வைத்திருக்கிறேன். சரி, வேண்டாமென்றால் விடுங்கள். ஊருக்கு அடுத்த பஸ் வருவதற்கு இன்னும் நேரமிருக்கிறது. ஒரு நிமிடம் நில்லுங்கள். கல்யாணத்துக்கு என் பங்காக நான் முதலில் வாங்கிய பொருளை நீங்கள் பார்க்காமல் போகக்கூடாது. அண்ணன் வீட்டில் போய்ச் சொல்வதற்கு உங்களுக்கு ஒன்று வேண்டுமல்லவா, பெண்ணை எப்படிப்பட்ட இடத்தில் கொடுக்கிறோம் என்று.

இதோ. அதே கடையில்தான். போன முறையைவிட இன்னும் ஒரு புரி கூட்டி முறுக்கியது. கையில் வாங்கிப் பாருங்கள். மஞ்சள் ஒட்டினால் ஒட்டட்டும், நல்லதுதான். இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு இழுங்கள். கூச்சப்படாதீர்கள். இன்னும் பலமாக இழுங்கள், அம்மா. இதற்கெல்லாம் அறுந்துபோகிற கயிற்றையா நான் வாங்குவேன்?